பாய்க்கு அடியில் கடல்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. அப்பாவின் கல்லறை மேல் சத்தியம் செய்துவிட்டுத் தொடங்குவதுதான் முறை. ஆனால் எங்கள் ஊர்க் கல்லறைகளில் முன்வரிசையைக் கடல் கொண்டுபோய்விட்டது; அப்பா முன்வரிசை. ஆகவே கடல் மேல் சத்தியம் செய்கிறேன். அவர் அங்கேதான் எங்கோ இருக்கிறார். நான் பொய் சொன்னால் அவருக்குத்தான் முதலில் கேட்கும்.

எங்கள் ஊர் வுனிதிலோ. புன்னையடி என்று அர்த்தம். புன்னை மரங்கள் போய்ப் பல வருஷமாயிற்று. தண்ணீர் வற்றும்போது வேர்க்கட்டைகள் தெரியும், அவற்றில் சிறுசுகள் தூண்டில் நூலைக் கட்டிவைப்பார்கள். கடலுக்கும் கெமுவேலியின் வீட்டுக்கும் நடுவில் முன்பு இரண்டு வீடுகள் இருந்தன. முதல் வீட்டுக்காரர்கள் தலைநகர் சுவாவுக்குப் போனார்கள். இரண்டாவது வீட்டுக்காரர்கள் போகவில்லை, வீடு மட்டும் போயிற்று. இப்போது கெமுவேலியின் வீடுதான் கடற்கரை.

கெமுவேலி என் தாய்மாமன் மகன். எங்களில் மச்சானுக்கு மச்சான் எதையும் சொல்லலாம், அவன் சட்டையைக் கழற்றிக்கொண்டு போகலாம், கோபித்துக்கொள்ளக் கூடாது. அவன் மனைவி அலுமிதா. மலைக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து வாழ வந்தவள். அதிகம் பேசமாட்டாள். பேசினால் பேசியதில் நிற்பாள்.

பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் பெருந்தண்ணீர் ஏறும்போது கடல் நேராக அவளுடைய சமையல் குடிசைக்குள் வந்துவிடும். அடுப்பை மரக்கால் மேல் தூக்கிக் கட்டியிருந்தாள். அவளுடைய கோழி ஒன்று நீந்தப் பழகிக்கொண்டது. அது இட்ட முட்டைக்கு உப்புப் போடத் தேவையில்லை என்பதை நானே தின்று பார்த்திருக்கிறேன். தென்னையில் கட்டிப்போட்டிருந்த பன்றி, ஒருநாள் தென்னையே கடலுக்குள் சாய்ந்தபோது அதன்மேல் ஏறி உட்கார்ந்து, வளைகுடாவைக் கடந்து எதிர்க்கரை ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த ஊர்க்காரர்கள் மரியாதை தெரிந்தவர்கள். மரமேறி வந்த விருந்தாளி என்று மாலை போட்டு வரவேற்று, மறுநாள் குழியடுப்பில் வைத்தார்கள்.

சிரிக்க முடியாதது ஒன்று உண்டு. அது வீட்டுக்குப் பின்னால் இருந்த சேப்பங்குழி. அலுமிதா இந்த ஊருக்கு வந்த வருஷமே கழுத்தளவு வெட்டி, இலைமக்கு போட்டு, ஊற்று நன்னீரில் வளர்த்த குழி. ஒரு வீட்டுக்கு வருஷம் முழுக்கச் சோறு. உப்பு அடியில் நுழைந்ததும் இலையின் ஓரம் முதலில் மஞ்சளாயிற்று. பிடுங்கிப் பார்த்தால் கிழங்கு சோப்புக்கட்டிபோல வழுக்கிற்று, மணமும் அப்படித்தான். குழியிலிருந்த சேற்றையெல்லாம் அள்ளி வெளியே கொட்டினாள். மலையிலிருந்து தென்னங்கூடையில் மண் சுமந்து வந்து நிரப்பினாள். ஒரு மழைக்காலம் முழுக்கச் சுமந்தாள். அடுத்த பெருந்தண்ணீர் எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. பிறகு அந்தக் குழியில் நண்டுகள் குடியேறின. வீட்டில் மரவள்ளியும் மட்டியும்தான் சாப்பாடு. மரவள்ளி முற்றாத மாதங்களில் மட்டி மட்டும். கடல் கலங்கிய நாட்களில் அதுவும் இல்லை.

மேலே மலை இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஊர்த்தலைவர் வைசாகேயின் குலத்துக்கு உரிய மலை. ஊரையே மேலே ஏற்றிக்கொள்ள அவர்கள் எங்கள் வழக்கப்படி திமிங்கிலப் பல் வைத்து வாக்குக் கொடுத்தாகிவிட்டது. ஆனால் அங்கே சொட்டுத் தண்ணீர் கிடையாது. இரண்டு முகடு தாண்டி ஓடையிலிருந்து குழாய் போட வேண்டும். பாறையை உடைத்துப் பாதை வெட்ட வேண்டும். அதெல்லாம் அரசாங்கம் செய்தால்தான் ஆகும். செய்தால் அலுமிதாவுக்கு வீடு உண்டு. இல்லாவிட்டால் இல்லை.

ஒருநாள் தண்ணீர் வற்றிய நேரம், கெமுவேலி பவளக்கல் அடுக்கிக்கொண்டிருந்தான். வற்றம்தோறும் அடுக்குவான், ஏற்றம்தோறும் கடல் பிரித்துப்போடும்.

"சுவரு போன தடவையைவிட அழகா இருக்கு மச்சான்" என்றேன். "கடலுக்கு ரொம்பப் பிடிக்கும்."

"வாயை வச்சுக்கிட்டு ஒரு கல்லைத் தூக்கு."

"இடுப்பு வளையாதுப்பா."

"சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாடி மட்டும் நல்லா வளையுது." கல்லைப் புரட்டி, உட்காரும் பக்கம் பார்த்து வைத்தான். "சவுசவு டவுன் சந்தையில ஒரு சேதி கேட்டேன். அளக்க வர்றாங்களாம்."

"எதை, நிலத்தையா? மிச்சம் இருக்கும்போதே வரச் சொல்லு."

"நிலத்தை இல்ல, நம்மள. ஊர் ஊராப் போய், இந்த ஊரு இப்படியே எத்தனை காலத்துக்குத் தாங்கும்னு அளந்து மார்க்குப் போடுறாங்களாம். எந்த ஊருக்கு மார்க்குக் கம்மியோ அந்த ஊருக்குத்தான் முதல்ல பாதை, குழாய் எல்லாம். அதுக்குப் பேரு நீடித்த வளர்ச்சி."

"நம்ம ஊர்ல நீடிச்சு வளர்றது கடல் ஒண்ணுதான்."

"சிரிக்காத. மார்க்கு வாங்காம இருக்கறதுல நம்மள ஜெயிக்க யாரு இருக்கா? நானெல்லாம் பள்ளிக்கூடத்துலயே அதுல கெட்டிக்காரன்." அவனே சிரித்துவிட்டான். அந்த முகத்தில் அப்படியொரு சிரிப்பை நான் பார்த்து நாளாகியிருந்தது.

ஊர்க்கூட்டம் வைசாகே வீட்டில் நடந்தது. யங்கோனா என்னும் போதைவேரை இடித்துக் கரைத்து, கிண்ணம் சுற்றி வந்துகொண்டிருந்தது. ஆண்கள் மேல்பக்கம், பெண்கள் வாசல்பக்கம். வைசாகே குடித்துவிட்டுக் கிண்ணத்தை வைத்தார். நாங்கள் முறைப்படி மூன்று தடவை கை தட்டினோம்.

"வர்றவங்க அரசாங்கத்து ஆளுங்க" என்றார். "கூட ஒரு வெள்ளைக்கார ஆலோசகரும் வர்றாராம். வெறும் வீட்டைக் காட்டிட்டு நிக்க முடியாது. அக்கம்பக்கத்து ஊர்க்காரன் சிரிப்பான்."

"அவன் மேட்டுல உக்காந்து சிரிக்கிறான் தலைவரே" என்றான் கெமுவேலி. "நான் தண்ணிக்குள்ள உக்காந்திருக்கேன். மார்க்குக் கம்மியானாத்தான் குழாய். வெறும் வீட்டைத்தான் காட்டணும்."

"அதுக்காக, விருந்தாளிக்கு மரவள்ளித் தோலையா போடுவே?"

"தோலு கூட இல்லேன்னுதான் சொல்றேன்."

"உன் பேச்சு நியாயம்தான். ஆனா எங்கப்பா காலத்துல இருந்து இந்த ஊருக்கு வந்தவன் எவனும் வயித்தைத் தடவிக்கிட்டுத்தான் படகு ஏறியிருக்கான்."

"நம்ம வயித்தைத் தடவிக்கிட்டா, அவங்க வயித்தையா தலைவரே?" என்று நான் கேட்டேன்.

"உராயா, நீ குடி" என்றார் தலைவர். கிண்ணம் எனக்கு வந்தது. எங்கள் ஊரில் ஒருவன் வாயை அடைப்பதற்கு இதைவிட மரியாதையான வழி கிடையாது.

அப்போது வாசல்பக்கம் இருந்து அலுமிதா பேசினாள். "தலைவரே, ஒண்ணு சொல்லலாமா. அவங்க என் வீட்டுக்கே வரட்டும். பவளத்திட்டைத் தாண்டணும்னா ஏற்றத்துலதான் படகு வர முடியும். அப்ப என் வீட்டுக்குள்ள தண்ணி நிக்கும். நான் எதையும் மறைக்கவும் மாட்டேன், கூட்டியும் சொல்ல மாட்டேன். அடுப்பைக் காட்டறேன், குழியைக் காட்டறேன். கேட்டதுக்கு உள்ளதைச் சொல்றேன்."

வைசாகே நீண்ட நேரம் பாயின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். கெட்ட மனிதரல்ல. அவருடைய வீட்டுப் பின்சுவருக்கும் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

"சரிம்மா. உன் வீட்டுலயே இருக்கட்டும். ஆனா வந்தவங்களை ஈரத் தரையில உக்கார வைக்க முடியுமா? ஒரு பாய் போடுவோம். ஒரே ஒரு பாய்."

"ஒரு பாயில என்ன இருக்கு" என்றாள் அலுமிதா. "போட்டுக்கலாம்."

அந்த ஒரு பாயைத் தலைவரின் மனைவி அனுப்பினாள். நல்ல தாழம்பாய், விளிம்பில் சிவப்புக் கம்பளி நூல். போதகரின் மனைவி அதைப் பார்த்தாள். தலைவர் வீட்டுப் பாய் கிடக்கும் இடத்தில் கோயில் வீட்டுப் பாய் இல்லாமலிருந்தால் என்ன நினைப்பார்கள்? அவள் பச்சை விளிம்போடு ஒன்று கொண்டுவந்தாள். மேல்தெருக் குலத்துப் பெண்களுக்கு அது பொறுக்கவில்லை. கீழ்த்தெருப் பெண்களுக்கு மேல்தெருவைப் பொறுக்கவில்லை. எங்களில் கேட்டால் இல்லையென்று சொல்லக் கூடாது. அதேபோல் கேட்காமல் கொண்டுவந்தாலும் வேண்டாமென்று சொல்லக் கூடாது. கல்யாணத்துக்கென்று வைத்திருந்த பாய், சாவுக்கென்று வைத்திருந்த பாய், எல்லாம் வந்தன. எத்தனை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். கடைசியில் அந்த வீட்டுக்குள் போக முதலில் ஏற வேண்டியிருந்தது, ஏறியதும் குனிய வேண்டியிருந்தது.

பாயோடும் நிற்கவில்லை. கண்ணாடித் தட்டுகள் வந்தன. சுவர்க்கடிகாரம் வந்தது. டீசல் இல்லாத ஜெனரேட்டரைத் துடைத்து, பளபளக்கத் தேங்காயெண்ணெய் பூசி வாசலில் நிறுத்தினார்கள். சாவு விழுந்தால் ஊருக்கு வேண்டுமென்று வைத்திருந்த கடைசிப் பன்றியையும் பிடித்துவிட்டார்கள்.

"ஏன்க்கா இதெல்லாம்?" என்று அலுமிதா தலைவர் மனைவியிடம் கேட்டாள். "என் வீட்டைப் பார்க்க வர்றாங்களா, உங்க எல்லார் வீட்டையும் சேர்த்து என் வீட்டுல பார்க்க வர்றாங்களா?"

"கொண்டாந்ததைத் திருப்பி அனுப்புவியாடி?"

"அனுப்புவேன்னு சொல்லலக்கா."

"அப்ப அந்த ஓரத்தைப் பிடி. மடிப்பு விழுந்திருக்கு பாரு."

அலுமிதா ஓரத்தைப் பிடித்தாள்.

அன்று விடிந்ததிலிருந்து பெண்கள் தேங்காய் துருவினார்கள். ஆண்கள் குழியடுப்பில் கல்லைச் சிவக்கக் காய்ச்சி, பன்றியையும் ஈரப்பலாவையும் இலையில் பொதிந்து இறக்கி, மேலே சாக்குப் போட்டு மண்ணைத் தள்ளினார்கள். சேம்பு இலையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்த மணம் கடற்கரை முழுக்க அடித்தது. எங்கள் குழந்தைகள் அந்த மணத்தை வாய் திறந்து விழுங்கிக்கொண்டிருந்தன. விருந்தாளி தின்று முடித்தபிறகுதான் நமக்கு.

ஏற்றத்தில் படகு வந்தது. அரசாங்கத்து ஆளாக வந்தவள் திமைமா என்ற பெண், முப்பது வயதிருக்கும், சுவாவில் வளர்ந்தவள், ஆனால் அவள் அம்மா எங்கள் பக்கத்து ஊர்தான். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, தலை தாழ்த்தி, முறைப்படி யங்கோனா வேர்க்கட்டை முன்னால் வைத்தாள். ஆலோசகர் பெயர் ஹாமிஷ். கால் நீண்ட, நெட்டையான மனிதர். பாய்களின் மேல் ஏறி நிமிர்ந்தார், தலை கூரைக்கட்டையில் இடித்தது. எங்களைப் பார்த்துச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். கடல் அப்போது கீழ்ப்பாய்களுக்கு வந்துவிட்டிருந்தது.

"தரை மெத்துமெத்துன்னு இருக்கே அக்கா" என்றாள் திமைமா.

"ஆமாம்மா" என்றாள் அலுமிதா. "கொஞ்சம் அசையும்."

சாப்பாடு வந்தது. அவர்கள் சாப்பிடச் சாப்பிட, திமைமா மடியில் பலகை போன்ற ஒரு கணினியை வைத்துக்கொண்டு கேட்டாள். நேரம் குறைவு, ஏற்றம் இறங்குவதற்குள் படகு திரும்ப வேண்டும்.

"மீன் பிடிக்கற இடம் இங்கேருந்து எவ்வளவு தூரம்?"

அலுமிதா பாயைப் பார்த்தாள். "தூரம்னு ஒண்ணும் இல்ல."

அந்த நேரம் பார்த்து ஹாமிஷின் முழங்காலுக்குப் பக்கத்தில் பாய் உப்பிற்று. இரண்டு பாய்களுக்கு நடுவிலிருந்து ஒரு மடவைமீன் தலை நீட்டி, அவரைப் பார்த்து, வெளியே வந்து துள்ளிற்று. நான் அதைப் பிடித்துச் சமையல்பக்கம் கொடுத்தேன். ஹாமிஷ் ஆங்கிலத்தில் என்னவோ சொன்னார்.

"மிக அருகில்னு போடச் சொல்றார்" என்றாள் திமைமா. "அதுக்கு முழு மார்க்கு. தண்ணிக்கு?"

"தண்ணியும் தூரமில்ல" என்றாள் அலுமிதா.

கெமுவேலி குறுக்கே வந்தான். "உப்புத்தண்ணிம்மா அது."

"உப்பா நல்லதான்னு இதுல கேள்வி இல்லண்ணே. தூரம்தான் இருக்கு. சரி, மாசத்துக்கு எவ்வளவு டீசல் எரிக்கிறீங்க?"

"எரிக்கறதே இல்ல. ஜெனரேட்டரு ஓடி ரெண்டு வருஷமாச்சு. எண்ணெய்க்கு வழியில்ல" என்றான் கெமுவேலி. இப்போதாவது ஒன்றை ஒழுங்காகச் சொல்லிவிட்டோம் என்ற தெம்பு அவன் குரலில் இருந்தது.

அவள் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் ஹாமிஷ் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"காத்தைக் கெடுக்காம வாழறீங்க, உலகமே உங்ககிட்ட கத்துக்கணும்ங்கறார்."

"கத்துக்கட்டும்மா" என்றேன். "எண்ணெய் இல்லாம இருக்கறது ஒரு நாள்ல வந்துடும்."

"குப்பை?"

"தூக்கிப் போட இங்க என்னம்மா இருக்கு?" என்றான் கெமுவேலி.

"குப்பையில்லா ஊர். ஜனத்தொகை?"

"குறையுது. இளசுக எல்லாம் சுவாவுக்குப் போயிடுச்சுங்க. வேலை தேடி."

"நிலத்து மேல பாரம் குறையுது" என்று சொல்லிக்கொண்டே அவள் தட்டினாள். தட்டிவிட்டு நிறுத்தினாள். கெமுவேலியின் முகத்தைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். விளிம்பு விளிம்பாக வேறு வேறு நிறத்தில் அடுக்கியிருந்த பாய்களைப் பார்த்தாள். முட்டாளில்லை அந்தப் பெண். அம்மா பக்கத்து ஊர்க்காரி, சொன்னேனல்லவா. பலகையைத் தாழ்த்திவிட்டு, அலுமிதாவின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, இது ஒரு கேள்விதான் முக்கியம். மத்த எல்லாத்தையும்விட இதுக்குத்தான் எடை ஜாஸ்தி. இந்த ஒரு வருஷத்துல, வீட்டுல சாப்பாடு இல்லாம, இல்ல பத்தாம, படுத்த நாள் உண்டா?"

வீட்டுக்குள்ளிருந்த சத்தமெல்லாம் நின்றது. சொல்ல வேண்டியது ஒரே சொல். உண்டு. அதைச் சொன்னால் குழாய். எங்கள் எல்லோருக்கும் அது தெரியும். தலைவர்கூடத் தலையைக் குனிந்துகொண்டார், நான் கேட்கவில்லை, நீ சொல்லிக்கொள் என்பதுபோல.

ஹாமிஷ் ஒரு பெரிய கொழுப்புத் துண்டை வாய்க்குக் கொண்டுபோனவர், எல்லோரும் நிறுத்தியதைப் பார்த்துத் தானும் நிறுத்தினார். கை அந்தரத்தில் நின்றது. விரலிலிருந்து நெய் தட்டில் சொட்டியது. என்ன கேட்டாய் என்று திமைமாவைப் பார்த்தார்.

அலுமிதா அந்தக் கையைப் பார்த்தாள்.

"இல்லம்மா" என்றாள். "சாப்பிடச் சொல்லு அவரை. ஆறிடும்."

கெமுவேலி எழுந்து வந்து, ஹாமிஷின் தட்டுக்குப் பக்கத்தில் குனிந்து, பாய் அடுக்கின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்தான். ஒரே தூக்கு, கடல் தெரிந்துவிடும். அலுமிதா உட்கார்ந்தபடியே காலை நீட்டி அந்த ஓரத்தின் மேல் வைத்தாள்.

"காலை எடு."

"விருந்தாளி சாப்பிடறாங்க."

"அலுமிதா. காலை எடு."

"தட்டு கவிழ்ந்துடும்."

அவன் பாயை விட்டான். திமைமா பலகையை எடுத்து, இல்லை என்று தட்டினாள். அவளுடைய விரல் கொஞ்ச நேரம் அதன் மேலேயே நின்றது.

போகும்போது மேலே கிடந்த நல்ல பாய்களைச் சுருட்டி அன்பளிப்பாகக் கொடுத்தோம். வந்தவர் வெறுங்கையோடு படகேறக் கூடாது. மற்றவற்றை அவரவர் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். பாதி பாய் நனைந்து கனத்திருந்தது. கடைசிப் பாயை உருவியபோது கடல் எப்போதும்போல அங்கேயே நின்றுகொண்டிருந்தது, தன் முறைக்குக் காத்திருந்ததுபோல.

பொழுது சாயும் நேரம். நாங்கள் மூவரும் சமையல் குடிசையில் இருந்தோம். அலுமிதா முட்டளவு தண்ணீரில் நின்று தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவ வேறு தண்ணீர் தேடவேண்டியதில்லை.

"ஒரு வார்த்தை" என்றான் கெமுவேலி. "உண்டுன்னு ஒரே ஒரு வார்த்தை."

"அந்த ஆளு கையில கறி இருந்துச்சு."

"இருந்தா?"

"அந்த நேரம் நாங்க பட்டினி கிடந்தோம்னு சொன்னா என்ன அர்த்தம்? நீ திங்கறது எங்க சோறுன்னு அர்த்தம். எவ சொல்லுவா அதை? உங்கம்மா சொல்லுவாங்களா? தலைவர் பொண்டாட்டி சொல்லுவாளா?"

"நீ சொல்றேன்னு சொன்னே. கூட்டத்துல, எல்லாருக்கும் முன்னாடி."

"சொல்லணும்னுதான் இருந்தேன்." ஒரு தட்டைக் கவிழ்த்தாள். "சாப்பாட்டுக்கு முன்னாடி கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"நம்ம ஊர்ல எவனை நாம சாப்பாட்டுக்கு முன்னாடி வாய் திறக்க விட்டிருக்கோம்?" என்றேன்.

அவள் அடுத்த தட்டை எடுத்தாள். கெமுவேலி தண்ணீருக்குள் நடந்து வெளியே போனான். பன்றிக்கறியில் எங்கள் பங்கு ஒரு காது. அதை யார் தின்பது என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

முடிவை வானொலியில் சொன்னார்கள். தலைவர் வீட்டு வாசலில் கூடிக் கேட்டோம். சுற்றுவட்டாரத்திலேயே வுனிதிலோ முதலிடம். இயற்கையோடு இசைந்த, யார் உதவியும் தேவைப்படாத, நீடித்து நிற்கும் கிராமம். கேட்டு முடித்ததும் பழக்கதோஷத்தில் யாரோ மூன்று தடவை கை தட்டினார்கள். பாதையும் குழாயும் வளைகுடாவின் அந்தக் கோடியில் ஒரு மேட்டு ஊருக்குப் போயின. அளக்கப் போன அன்று அங்கே சாவு விழுந்திருந்தது. துக்க வீடு, அதனால் விருந்து வைக்கவில்லை. விருந்து இல்லாததால் அவர்கள் உள்ளதைச் சொல்லிவிட்டார்கள்.

கெமுவேலி சவுசவுக்குப் போய் அலுவலகத்தில் நின்று பார்த்தான். மேசைக்குப் பின்னால் இருந்தவர் நல்ல மாதிரி. எழுந்து கை கொடுத்தார்.

"முதலிடம் வந்த ஊர்க்காரரா? வாங்க, வாங்க. என்ன வேணும்?"

"எங்க வீட்டுக்குள்ள கடல் வருதுங்க."

"அருகாமைக்கு உங்களுக்கு முழு மார்க்கு போட்டிருக்காங்களே."

"மார்க்கைக் குறைக்க முடியுங்களா?"

"ஏத்தறதுக்கு மனு பண்ணலாம். குறைக்கறதுக்கு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. அடுத்த தடவை அளக்கும்போது சொல்லுங்க."

"அது எப்பங்க?"

"வளர்ச்சி நீடிக்குதான்னு பார்க்கணும் இல்லீங்களா. கொஞ்ச வருஷம் விட்டுத்தான் பார்க்க முடியும்."

மழைக்காலத்தில், எங்கோ தூரத்தில் போன புயலின் வாலில் சிக்கி, தண்ணீர் மூன்று நாள் இறங்கவில்லை. வீடு போகும் என்று தெரிந்ததும் கெமுவேலி கூரைத் தகரத்தை ஒவ்வொன்றாகக் கழற்றினான். கீழே நின்று அலுமிதா ஆணிகளைப் பொறுக்கி, கல்லின் மேல் வைத்துத் தட்டி நேராக்கினாள். துருப்பிடித்த ஆணி இரண்டு தட்டுக்கு நேராகும், மூன்றாவது தட்டில் உடையும். உடைந்ததையும் எறியவில்லை, மடியில் போட்டுக்கொண்டாள். நாங்கள் தகரத்தைத் தலையில் சுமந்து மலைக்குக் கொண்டுபோனோம். வைசாகே தன் குலத்து நிலத்தில் இடம் காட்டினார். தூண் நட்டு, தகரம் போட்டு, ஒரு வீடு மாதிரி ஆயிற்று. கீழே பழைய வீட்டின் சுவர்ப்பலகைகள் ஒரு வாரம் வளைகுடாவில் சுற்றிக்கொண்டிருந்தன.

மேலே தண்ணீர் இல்லை. அலுமிதா கீழே வந்து, ஊர்த்தொட்டியில் மிச்சமிருக்கும் மழைநீரைப் பிடித்து, அந்த வழுக்குப் பாதையில் ஏறினாள். வெயில் வந்ததும் தொட்டி அடி தெரிந்தது. ஒருநாள் பாதி வழியில் கால் பிசகி, தண்ணீர் முழுக்கப் பாறையில் போயிற்று. நான் பின்னால் வந்துகொண்டிருந்தேன். அவள் எழுந்திருக்கவில்லை. பாறையில் தண்ணீர் காய்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தூக்கி விடவா தங்கச்சி?" என்றேன்.

"எங்க தூக்கி விடப் போறீங்க?" என்றாள். "மேலயா, கீழயா?"

இதுவரை நான் சொன்ன எல்லாவற்றுக்கும் ஏதாவது ஒரு கேலிப்பேச்சு என்னிடம் இருந்தது. அதற்கு இல்லை. தண்ணீர் இல்லாத மலையை விட்டு இறங்கி, இப்போது இருவரும் கோயில் சாய்ப்பில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பாட்டுக்காரர்கள் வரும்போது பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே வருவார்கள். கோயில் வாசற்படி வரைக்கும் பெருந்தண்ணீர் வர ஆரம்பித்துவிட்டது. கெமுவேலி கல் அடுக்குவதில்லை. உன் சுவரைக் காணாமல் கடல் ஏங்கிப்போய்விட்டது மச்சான் என்று நான் போய்ச் சொன்னேன். மச்சான் கேலிக்கு மச்சான் பதில் சொல்லியாக வேண்டும், எங்களில் அது கடன். அவன் என்னைப் பார்த்துவிட்டு, கிழிந்த வலையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, தைக்காமல் உட்கார்ந்திருந்தான்.

அதற்குப் பிறகு வுனிதிலோவை அளக்க எந்தப் படகும் வரவில்லை. முதலிடம் மட்டும் இன்னும் எங்களுடையதுதான்.